புதிய பழ ஈப் பேரினம்: கண்டெடுப்பதா, நிறுவுவதா?

பாவூர்சத்திரம் சந்தையில் பாகற்காய் எடுப்பவர்கள் காயை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைப்பார்கள். ஊசி குத்தியது போல் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் படர்ந்த தோல், ஒருபக்கம் கோணிய காய் என்றால் உள்ளே புழு இருக்க வாய்ப்புண்டு. அந்தப் புழுவின் தாய் ஒரு பழ ஈ. ஆலங்குளத்துப் பந்தல் விவசாயிக்கும், கொய்யாவும் மாவும் வைத்திருக்கும் தோட்டக்காரருக்கும் அது பழகிய பகை. இப்படித் தினமும் கண்ணில் படும் பூச்சியில் ‘புதிய பேரினம் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால் கேள்விகள் எழும். இத்தனை நாள் எங்கே இருந்தது? வெளிநாட்டிலிருந்து வந்ததா? நம் தோட்டத்துக்கு இன்னொரு தொல்லையா? பேரினம் என்றால்தான் என்ன?

குழப்பத்தின் வேர் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. ஓர் ஈயைக் கண்டுபிடிக்கலாம். ஒரு சிற்றினத்தைக்கூடக் கண்டுபிடித்ததாகச் சொல்லலாம். பேரினம் அப்படிக் கைக்கு அகப்படும் பொருளன்று. சான்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ‘இவை ஒரு குடும்பத்தார், மற்றவை வேறு’ என்று வாதாடி நிறுவுவது அது. இன்று நிறுவியதை நாளை வேறொருவர் மறுக்கலாம். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மற்றவை தானாக விளங்கிவிடும்.

எந்தப் பழ ஈ?

தமிழில் ‘பழ ஈ’ என்ற ஒரே பெயரால் இரண்டு வெவ்வேறு குடும்பங்களைக் குறிக்கிறோம்.

1. அழுகிய பழத்தை மொய்ப்பவை. வாழைப்பழத் தட்டின்மேல் சிவந்த கண்களோடு வட்டமிடும் மிகச் சிறிய ஈக்கள் இவை. ட்ரோசோஃபிலிடே குடும்பம். இவற்றுள் பெரும்பாலானவை நல்ல பழத்தைக் கெடுப்பதில்லை. புளித்த பழத்தில் வளரும் ஈஸ்ட்டைத் தேடி வருகின்றன. 1910இல் டி. எச். மார்கன் வெள்ளைக் கண் கொண்ட ஈயை வைத்து மரபணு ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்னும் ஈயில்தான்.

2. நல்ல காயைக் குத்துபவை. வீட்டு ஈ அளவுக்கு வளரும். குளவி போன்ற மஞ்சள், பழுப்புப் பட்டைகளும், பலவற்றில் கோலம் வரைந்தது போன்ற இறக்கையும் உண்டு. பெண் ஈயின் வயிற்று நுனியில் ஊசி போன்ற முட்டையிடும் உறுப்பு நீண்டிருக்கும். டெஃப்ரிடிடே குடும்பம். உலகில் சுமார் 5,000 சிற்றினங்கள், ஏறத்தாழ 500 பேரினங்கள். இந்தியாவில் 250 அளவில் சிற்றினங்கள், 80 அளவில் பேரினங்கள்.

இந்தக் கட்டுரை இரண்டாவது குடும்பத்தைப் பற்றியது. அந்தக் குடும்பத்திலும் எல்லாமே பழத்தைத் தின்பவை என்று நினைத்துவிடக் கூடாது. சூரியகாந்திக் குடும்பச் செடிகளின் பூத்தலைக்குள் வாழ்பவை உண்டு. தண்டில் முடிச்சு உண்டாக்கி அதற்குள் குடியிருப்பவை உண்டு. மூங்கில் குருத்தில் மட்டும் வளரும் ஒரு பெரிய கூட்டமே உண்டு. நம் ஊர் இலந்தைப் பழத்தைப் பிட்டால் நெளியும் புழுவும் இக்குடும்பம்தான். கார்போமையா வெசூவியானா என்று 1854இல் அதற்குப் பெயரிட்டவர் கோஸ்டா என்ற இத்தாலியர். கரிசல் காட்டு இலந்தைப் புழுவின் பெயரில் வெசூவியஸ் எரிமலை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேரினம்: ஒரே சாஸ்தாவைக் கும்பிடுபவர்கள்

சிற்றினம் என்பது தமக்குள் கூடி இனம் பெருக்கும் உயிர்களின் கூட்டம். பேரினம் அதற்கு ஒரு படி மேலே இருக்கிறது: ஒரே முன்னோரிடமிருந்து கிளைத்த சிற்றினங்களின் தொகுப்பு.

இதை விளக்கத் திருநெல்வேலிக்காரர்களுக்குப் பாடநூல் வேண்டாம். பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் தங்கள் குலதெய்வமான சாஸ்தா கோவிலுக்குத் திரும்புகிறார்கள். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் மும்பையில், முகச்சாயல் மாறியிருக்கும். ஆனாலும் ஒரே சாஸ்தா என்றால் ஒரே கொடிவழி என்று அறிந்துகொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அண்ணன் தம்பியைப் போலவே இருந்தாலும் அவருடைய சாஸ்தா வேறு என்றால் தலைக்கட்டு வரி இங்கே வாங்குவதில்லை. வகைப்பாட்டியலும் இதைத்தான் கேட்கிறது. சாயலை மட்டும் பார்க்காதே, கொடிவழியைப் பார்.

அதனால் ஒரு பேரினம் சரியாக அமைய இரண்டு நிபந்தனைகள்:

1. ஒரு முன்னோரின் வழிவந்தவர்கள் மட்டுமே உள்ளே இருக்க வேண்டும்.
2. அந்த முன்னோரின் வழிவந்த எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். ஒரு கிளையை மட்டும் வெளியே நிறுத்தக் கூடாது.

முதல் நிபந்தனை எல்லோருக்கும் எளிதில் புரியும். சிக்கல் வருவது இரண்டாவதில். உடன்பிறந்த இருவரில் தம்பியைச் சித்தப்பா வீட்டுக் கணக்கில் எழுதிவிட்டு, அண்ணனைத் தனியாக ஒதுக்கினால் அந்தக் கணக்கு தவறுதானே? பழ ஈக்களில் இப்படி ஒரு கணக்கு பல ஆண்டுகள் நடந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

‘புதிய’ என்பதற்கு மூன்று பொருள்

செய்தியில் ‘புதிய’ என்ற சொல்லைக் கண்டால் எது புதிது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பழைய பேரினத்துக்குள் ஒரு புதிய சிற்றினம். இதுதான் அடிக்கடி நடப்பது. இரண்டாவது, நெடுங்காலமாகத் தெரிந்த சிற்றினத்துக்கு ஒரு புதிய பேரினம். ஈ பழையது, உறவு பற்றிய நம் அறிவுதான் புதியது. அகத்தியமலைப் பகுதியில் வாழும் சிறிய ஓணான் ஒன்று இதற்கு நல்ல சான்று. 1885இல் புலங்கர் என்பவர் அதை விவரித்து, இலங்கை ஓணான்களின் பேரினமான ஓட்டோகிரிப்டிஸில் சேர்த்தார். இலங்கை உறவினர்களிடமிருந்து அது தனித்தது என்று தெரிந்தபின் இப்போது அகஸ்தியகாமா என்ற பேரினத்தில் இருக்கிறது. பொதிகையின் முனிவர் பெயரை ஓர் ஓணான் உலகெங்கும் சுமக்கிறது. மூன்றாவது, புதிய சிற்றினமும் அதற்கென்றே புதிய பேரினமும் ஒரே கட்டுரையில் வருவது. இதுவே அரிது, இதற்கே வலுவான வாதம் வேண்டும்.

இந்த மூன்றில் எதுவுமே ‘புதிதாக வந்து சேர்ந்த பூச்சி’ என்று பொருள்படாது. அறிவியலுக்குப் புதிது என்றால் பெயரில்லாமல் இருந்தது என்றுதான் பொருள். மனிதர் இம்மலைக்கு வருமுன்பே அந்த ஈ இங்கே இருந்திருக்கலாம். வெளியிலிருந்து நுழையும் அயல் பூச்சி முற்றிலும் வேறு பிரச்சினை. பெரும்பாலும் அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கும், இங்கே அது புதிதாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் செய்திகள் விவசாயிகளை வீணாக அச்சுறுத்துகின்றன. இதை எழுதுபவர்கள் கொஞ்சம் பொறுப்போடு எழுத வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈயின் உடலில் எதைப் படிக்கிறார்கள்?

முதலில் குடும்பம். டெஃப்ரிடிடே ஈக்களின் இறக்கையில் முன்விளிம்பை ஒட்டி ஓடும் ஒரு நரம்பு, முடிவதற்குச் சற்று முன்னால் ஏறக்குறைய செங்கோணத்தில் விளிம்பை நோக்கி மடங்கும். இறக்கையில் கோலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த மடிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து முடிகள். நமக்கு ஈயின் முதுகில் இருப்பது வெறும் ரோமம். வகைப்பாட்டாளருக்கு ஒவ்வொரு தடித்த முடிக்கும் ஒரு பெயர், ஓர் இருப்பிடம் உண்டு. நெற்றியில் எத்தனை இணை, தோளில் உண்டா இல்லையா, முதுகின் நடுவில் முன்தள்ளி இருக்கிறதா பின்தள்ளி இருக்கிறதா என்று கணக்கிடுகிறார்கள். பேரின அளவில் இந்த முடி வரைபடம் மிகவும் உதவும். நிறத்தைவிட இது எளிதில் மாறுவதில்லை.

மூன்றாவது வயிறு. டாகஸ் பேரினத்தில் வயிற்றின் மேற்புறத் தகடுகள் எல்லாம் ஒட்டி ஒரே கவசமாக இருக்கும். பாக்ட்ரோசெராவில் அவை தனித்தனித் தகடுகள். நம் சாலையோரத்து எருக்கங்காய்க்குள் வளர்வது டாகஸ் வகை. மாம்பழத்தைக் குத்துவது பாக்ட்ரோசெரா வகை. இரண்டின் வயிற்றையும் உருப்பெருக்கியின் கீழ் குண்டூசியால் மெல்லத் தொட்டாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

கடைசியாக, இனப்பெருக்க உறுப்புகள். பெண்ணின் ஊசி முனை கூரா, மழுங்கலா, பல் உண்டா. ஆணின் பற்றுறுப்புகள் நீளமா குட்டையா. வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாத ஈக்கள் பல இங்கே பிரிந்துவிடும்.

இவற்றுள் எந்தக் குறி கொடிவழியைக் காட்டுகிறது, எது வாழ்முறையால் வந்த சாயல் என்று பிரித்தறிவதில்தான் அனுபவம் தேவை. மஞ்சள் பட்டை குளவியைப் போலத் தோன்றிப் பறவைகளிடமிருந்து தப்ப உதவலாம். தொடர்பில்லாத இரண்டு கிளைகளில் அது தனித்தனியாகத் தோன்றக்கூடும். அப்படிப்பட்ட குறியை நம்பிப் பேரினம் அமைத்தால் அது நிற்காது.

பாகற்காய் ஈ வீடு மாறிய கதை

பாகல், பீர்க்கு, புடல், வெள்ளரி எல்லாவற்றையும் குத்தும் ஈயை 1899இல் காக்கிலெட் என்ற அமெரிக்கர் டாகஸ் குகுர்பிடே என்று விவரித்தார். அவருக்குக் கிடைத்த மாதிரிகள் ஹவாய்த் தீவுகளில் பிடிபட்டவை. குகுர்பிடே என்றால் சுரைக் குடும்பத்துக்குரியது என்று பொருள். பின்னர் அந்த ஈ பாக்ட்ரோசெராவுக்கு மாற்றப்பட்டது. மாவையும் கொய்யாவையும் குத்தும் டார்சாலிஸ் ஈயும் அதே பேரினத்தில்தான் இருந்தது. ஹெண்டல் 1912இல் தைவான் மாதிரிகளைக் கொண்டு விவரித்த ஈ அது. ஆக, பந்தலின் ஈயும் தோப்பின் ஈயும் ஒரே வீட்டார் என்று எழுதிவைத்திருந்தோம்.

ஆனால் பந்தல் போட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. மாந்தோப்பில் கட்டும் இனக்கவர்ச்சிப் பொறி பாகல் பந்தலில் வேலை செய்வதில்லை. மாந்தோப்புப் பொறியில் இருப்பது மெத்தில் யூஜினால், துளசியிலும் உள்ள மணப்பொருள். அது ஆண் பழ ஈக்களை இழுக்கிறது என்பதை இந்தியாவில், பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹாவ்லெட் 1915இல் எழுதினார். பாகற்காய் ஈயின் ஆண்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு கியூலூர் என்ற வேறொரு பொருள் வேண்டும். கருவாட்டுப் பொறி இரண்டுக்கும் பயன்படுவதன் காரணம் வேறு: முட்டை முதிரப் புரதம் தேடும் பசி எல்லாப் பெண் ஈக்களுக்கும் பொது.

மணத்தில் வேறுபாடு இருப்பதால் மட்டும் பேரினம் பிரித்துவிட முடியாது. பாக்ட்ரோசெராவிலேயே கியூலூரை நாடும் சிற்றினங்கள் பல உண்டு. எனவே மற்ற சான்றுகள் தேவைப்பட்டன.

1. உடல் சான்று. பாகற்காய் ஈயும் அதன் நெருங்கிய உறவினரும் ஆணின் பற்றுறுப்பில் நீண்ட பின்மடல் கொண்டவை; டார்சாலிஸ் கூட்டத்தில் அது குட்டை. பாகற்காய் ஈயின் முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள், டார்சாலிஸுக்கு இரண்டுதான். இந்த வேறுபாடுகளை முன்பே கண்டு, ஜுகோடாகஸ் என்று ஒரு துணைப் பேரினமாக வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை ஹெண்டல் 1927இலேயே உருவாக்கியிருந்தார்.

2. வாழ்முறைச் சான்று. ஜுகோடாகஸ் கூட்டத்தில் பெரும்பாலானவை சுரைக் குடும்பத்தைச் சார்ந்தவை. டாகஸ் பேரினமும் சுரைக் குடும்பத்தையும் எருக்குக் குடும்பத்தையும் நம்பி வாழ்வது. பாக்ட்ரோசெராவோ நூற்றுக்கணக்கான மரஞ்செடிகளில் பரந்து கிடக்கிறது.

3. மரபணுச் சான்று. பல மரபணுக்களை ஒப்பிட்டபோது ஜுகோடாகஸுக்கு நெருங்கிய உறவு பாக்ட்ரோசெரா இல்லை, டாகஸ்தான் என்று தெரிந்தது. 2018இல் 7 மரபணுக்களை 167 சிற்றினங்களில் ஒப்பிட்ட ஆய்வும் இதையே உறுதிசெய்தது.

மூன்றும் ஒரே திசையைக் காட்டின. இப்போது முன்பு சொன்ன குடும்பக் கணக்குக்கு வருவோம். ஜுகோடாகஸும் டாகஸும் உடன்பிறந்தவர்கள். பாக்ட்ரோசெரா சித்தப்பா வீடு. நாம் உடன்பிறந்த இருவரில் ஒருவரைச் சித்தப்பா வீட்டுக் கணக்கில் எழுதிவிட்டு மற்றவரைத் தனியே நிறுத்தியிருந்தோம். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகளே இருந்தன. மூன்றையும் சேர்த்து டாகஸ் என்ற ஒரே பேரினமாக்கலாம். அப்படியென்றால் நூற்றுக்கணக்கான பாக்ட்ரோசெரா சிற்றினங்கள் ஒரே நாளில் பெயர் மாற வேண்டும். அல்லது ஜுகோடாகஸைத் தனிப் பேரினமாக உயர்த்தலாம். 2015இல் இரண்டாவது வழியை எடுத்தார்கள். அதுமுதல் நம் பாகற்காய் ஈ ஜுகோடாகஸ் குகுர்பிடே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வழிகளும் கொடிவழிக்கு முரணானவை இல்லை. எதைத் தேர்வது என்பதில் இயற்கை தீர்ப்புச் சொல்லவில்லை. பயன்படுத்துவோருக்கு எது குறைந்த தொல்லை என்று மனிதர்கள் முடிவு செய்தார்கள். பேரினம் நிறுவப்படுவது என்று தொடக்கத்தில் சொன்னதன் முழுப் பொருள் இதுதான்.

விவரிப்பு எப்படி நடக்கிறது?

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில், சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு மேலே எங்கோ ஒரு மூங்கில் புதரில், எந்தப் பட்டியலிலும் பொருந்தாத ஓர் ஈ கிடைத்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதன் பிறகு நடப்பவை:

1. அனுமதி. காப்பகத்தில் வனத்துறை அனுமதியின்றி வலைவீச முடியாது. இந்த அனுமதி முதலில் வர வேண்டும். ஈ பின்னால் வரும்.

2. மாதிரியும் சீட்டும். ஈயை மெல்லிய ஊசியில் ஏற்றி, இடம், உயரம், தேதி, பிடித்தவர், எந்தச் செடி என்று ஒரு சிறு சீட்டு எழுதி அதே ஊசியில் கோக்கிறார்கள். சீட்டில்லாத ஈக்கு அறிவியலில் பெரிய மதிப்பில்லை.

3. ஒப்பீடு. நீண்ட, அலுப்பூட்டும், ஆனால் தவிர்க்கவே முடியாத கட்டம் இது. உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட நெருங்கிய பேரினங்கள் அனைத்தோடும் ஒப்பிட வேண்டும். பழைய விவரிப்புகள் லத்தீனிலும் ஜெர்மனிலும் இத்தாலிய மொழியிலும் இருக்கின்றன. இந்திய ஈக்களின் பழைய மாதிரிகள் பல லண்டன் போன்ற ஐரோப்பிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் உறங்குகின்றன. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பழ ஈத் தொகுப்பைப் பற்றிப் பெஸ்ஸி என்ற இத்தாலியர் 1913இல் எழுதியது இன்றும் திருப்பிப் பார்க்கப்படுகிறது. நம் மலை ஈயை அறிய ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பது வருத்தமான உண்மை.

4. பகுப்பு. வயிற்றை நீக்கிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு மென்மையாக்கி, கிளிசரினில் வைத்து உறுப்புகளைப் பிரித்து வரைகிறார்கள்.

5. மரபணு. இதற்கு ஈயின் கால் ஒன்று போதும். ஆனால் வழக்கமாகப் பயன்படும் ஒற்றை மரபணுத் துண்டு சிற்றினத்தை அடையாளம் காட்டத்தான் பெரும்பாலும் உதவும். டார்சாலிஸ் கூட்டம் போன்ற இடங்களில் அதற்கும் தடுமாறும். பேரினத்தின் உறவைச் சொல்லப் பல மரபணுக்கள் வேண்டும்.

6. வாதம். ‘இது வேறாக இருக்கிறது’ என்பது போதாது. வேறாக இருக்கும் ஒன்றைப் பிரித்தெடுத்த பின் மிச்சமிருப்பவை ஒரு முழுக் கொடிவழியாக நிற்கின்றனவா? இல்லையென்றால் புதிய பேரினம் ஒரு குழப்பத்தைத் தீர்த்து இன்னொன்றைத் தொடங்குகிறது. ஒரே ஒரு சிற்றினத்துக்காக ஒரு பேரினம் அமைக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கடுமையாகக் கேட்கப்பட வேண்டும்.

பெயரின் சட்டம்

விலங்குப் பெயர்களுக்குப் பன்னாட்டு விதிநூல் ஒன்று உண்டு. அதன் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெயர்க் கணக்கு லின்னேயஸின் நூல் வெளிவந்த 1758இலிருந்து தொடங்குகிறது. ஒரு பேரினப் பெயருக்கு முக்கியமான தேவைகள் இவை.

அது விலங்குலகம் முழுவதிலும் வேறு எதற்கும் இருக்கக் கூடாது. ஆஸ்திரேலிய முட்டையிடும் பாலூட்டிக்குக் குவியே எக்கிட்னா என்று பேரினப் பெயர் வைத்தார். அதே பெயர் ஏற்கெனவே ஒரு விலாங்கு போன்ற மீனுக்கு இருந்ததால் பின்னர் மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்து, பிற பேரினங்களிலிருந்து இதைப் பிரிக்கும் குறிகள் சொற்களில் எழுதப்பட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிட்டால் அதற்கான பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2012இல் வந்த திருத்தம் இது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு சிற்றினத்தைப் பேரினத்தின் ‘வகைச் சிற்றினம்’ என்று அறிவிக்க வேண்டும். அந்தச் சிற்றினத்துக்கும் ஒரே ஓர் ஈயை முதன்மை வகைமாதிரியாகக் குறிக்க வேண்டும். ஹோலோடைப் என்பது அதுதான். பேரினம் நாளை நான்காக உடைந்தாலும் பெயர் எந்தத் துண்டுக்குப் போகும் என்பதை வகைச் சிற்றினமே முடிவு செய்யும். குலதெய்வத்தின் பிடிமண் எந்தக் கிளையிடம் இருக்கிறதோ அந்தக் கிளைக்கே பெயர் என்பது போல.

இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஆய்வகப் பழ ஈயே சாட்சி. ட்ரோசோஃபிலா பேரினத்தின் வகைச் சிற்றினம் ஃபுனெப்ரிஸ் என்ற இன்னோர் ஈ. பேரினத்தைக் கொடிவழிப்படி உடைத்தால் புகழ்பெற்ற மெலனோகாஸ்டர் சோஃபோஃபோரா என்ற பெயருக்குப் போய்விடும். லட்சக்கணக்கான ஆய்வுப் பக்கங்களில் உள்ள பெயர் மாறிவிடுமே என்று அஞ்சி, மெலனோகாஸ்டரையே வகைச் சிற்றினமாக அறிவிக்கும்படி பெயரீட்டு ஆணையத்திடம் கேட்டார்கள். 2010இல் ஆணையம் மறுத்துவிட்டது. அந்தப் பேரினம் இன்றும் பெரும்பாலானோரால் உடைக்கப்படாமலே பயன்படுத்தப்படுகிறது. தெரிந்தே சகித்துக்கொள்ளும் ஒரு குறை.

இந்தியச் சட்டமும் ஒன்று சேர்க்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், 39ஆம் பிரிவின்படி, இங்கே கண்டறியப்படும் புதிய உயிரினத்தின் மாதிரியை அரசு குறித்த களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். நாளைய ஆய்வாளர் லண்டனுக்குப் போகாமல் இருக்க இது வழிசெய்யும்.

பெயர் மாறினால் தோட்டத்தில் என்ன மாறும்?

உடனே ஒன்றும் மாறாது. சொத்தைக் காயைப் பொறுக்கி அழிப்பதும், மண்ணில் புதைந்திருக்கும் கூட்டுப்புழு வெயில்பட உழுவதும் அப்படியேதான் இருக்கும். ஆனால் பெயர் வேறு இடங்களில் வேலை செய்கிறது.

ஏற்றுமதி ஓர் இடம். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்தபோது பாகற்காயும் புடலங்காயும் கத்தரிக்காயும் சேர்ந்தே தடைப்பட்டன. முந்தைய ஆண்டில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் கண்ட 207 சரக்குகள்தான் காரணம். ஜப்பான் 1986இல் மூடிய கதவை இந்திய மாம்பழத்துக்கு 2006இல்தான் திறந்தது. இத்தகைய தடைப் பட்டியல்கள் அறிவியல் பெயர்களால் ஆனவை. டாகஸ், பாக்ட்ரோசெரா, ஜுகோடாகஸ் என்ற மூன்றில் எந்தப் பேரினப் பெயரோடு குகுர்பிடே என்று எழுதியிருந்தாலும் அது ஒரே பாகற்காய் ஈதான் என்று தெரியாத அதிகாரி ஒரு மூட்டையைத் தவறாக நிறுத்தலாம், தவறாக விடவும் செய்யலாம்.

ஆப்பிரிக்காவின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 2003இல் கென்யாவில் தென்பட்ட ஆசியப் பழ ஈ ஒன்றுக்கு 2005இல் இன்வேடென்ஸ் என்று தனிச் சிற்றினப் பெயர் தந்தார்கள். அந்தப் பெயரைச் சுற்றிக் கட்டுப்பாடுகளும் வணிகத் தடைகளும் எழுந்தன. பத்தாண்டு ஆய்வுக்குப் பின், அது நம் டார்சாலிஸேதான் என்று 2015இல் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. தவறான பிரிவினையின் விலையை மா விளைவிப்பவர்கள் கொடுத்தார்கள்.

மறுபக்கம், சரியான பேரினம் முன்கூட்டியே சொல்லும் ஆற்றல் கொண்டது. அறியாத ஈ ஒன்று ஜுகோடாகஸ் என்று தெரிந்தால் சுரைக் குடும்பத்தை முதலில் பார்க்கலாம். கியூலூரை முதலில் தொங்கவிடலாம். மூங்கில் குருத்துக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றால் புளியங்குடி எலுமிச்சைக்காரர் கவலையின்றித் தூங்கலாம்.

ஈ இருக்கிறது, செடி தெரியவில்லை

காட்டில் வலைவீசிப் பிடித்த ஈக்களில் பலவற்றுக்கு ஒரு பெரிய குறை உண்டு: அது எதில் வளர்ந்தது என்று தெரியாது. பேரினத்தின் வாதத்தில் வாழ்முறைச் சான்று எவ்வளவு எடை கொண்டது என்பதை மேலே பார்த்தோம். அந்தச் சான்று கிடைக்க ஈயைக் காயிலிருந்தே வளர்த்தெடுக்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. காப்பகத்துக்கு வெளியே, வேலியோரத்துக் கோவைக்காய், குளக்கரை எருக்கங்காய், காட்டு இலந்தை போன்றவற்றில் பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யலாம்.

ஒரு பெட்டியில் ஈரமான மணல் பரப்பி, ஒரே செடியின் காய்களை மட்டும் மேலே வைத்து, மெல்லிய துணியால் வாய் கட்ட வேண்டும். செடியின் கிளை ஒன்றைப் பூவோடு அழுத்தி உலர்த்தி, இடமும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். புழுக்கள் முதிர்ந்ததும் காயை விட்டுக் குதித்து மணலுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். சில நாட்களில் ஈ வெளிவரும். அப்போது உடனே கொன்றுவிடக் கூடாது. புதிதாக வெளிவந்த ஈ வெளிறிப் போயிருக்கும். முதுகுக் கோடு எது, இறக்கைப் பட்டை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து வைத்து, மூன்று நான்கு நாட்கள் உயிரோடு விட்டால் நிறம் ஏறும். அதன் பிறகே ஊசியில் ஏற்ற வேண்டும்; உலர்ந்த கிளையின் எண்ணும் ஈயின் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.